எட்டாத கல்லறை

ருஷ்யாவோடு ஐந்தே நாள் போர். எங்கள் ஜார்ஜிய ஊரில் ஆப்பிள் பழுப்பதற்குள் முடிந்துவிட்டது. விளைவுதான் முடியவில்லை. தூதரக உறவும் அறுந்தது. அமெரிக்காவின் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தால்தான் பிழைப்போம் என்று அரசு முடிவுகட்டி, அந்தக் கூட்டணி சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆப்கானிஸ்தானுக்குத் தன் படைகளை மேலும் மேலும் அனுப்பியது. ருஷ்யக் காவலர்கள் வந்து, ஊருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே முள்வேலி போட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் காயோசின் மனைவி சியாலா அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். எங்கள் வழக்கப்படி ஈஸ்டர்தோறும் காயோஸ் அவள் கல்லறை மேல் சிவப்பு முட்டையை உருட்டி, ஒயின் ஊற்றிவிட்டு வருவார். வேலி வந்தபின் இந்தப் பக்கமே நின்று பார்ப்பார்.

ஒரே மகன் மல்காஸ். போரின்போது அப்பாவோடு நிலவறையில் பதுங்கிக் கிடந்தவன், வளர்ந்ததும் ராணுவத்தில் சேர்ந்தான்.

"நேட்டோக்காரங்க சண்டைக்கு நாம போனாத்தாம்ப்பா, நாளைக்கு நம்ம சண்டைக்கு அவங்க வருவாங்க" என்றான்.

காயோசுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இன்னும் பொண்ணே குடுக்கல. அதுக்குள்ள மாமனார் வீட்டுத் தோட்டத்தைக் கொத்தக் கிளம்பிட்டியா?"

எல்லாரும் சிரித்தோம். மல்காஸும் சிரித்துக்கொண்டேதான் போனான். பெட்டியில் திரும்பினான்.

பெட்டிக்குக் கொடி போர்த்திக் கொண்டுவந்த அதிகாரி, இந்தத் தியாகத்தை நேட்டோ மறக்காது என்றார். பாவம், நல்ல மனிதர்தான், கண் கலங்கியிருந்தது. காயோஸ் கேட்டது ஒன்றே ஒன்று. பையனை அவன் அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும்.

அதிகாரி வேலியைப் பார்த்தார். "அங்க எங்க கை எட்டாது, பெரியவரே."

"ஆப்கானிஸ்தான் வரைக்கும் எட்டுச்சே, தம்பி. இந்தா, கூப்பிடு தூரம்."

யாரைத் திட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வேலியை ஒட்டி, இந்தப் பக்கமே குழி வெட்டினோம்.

அடுத்த ஈஸ்டருக்குக் காயோசோடு நானும் போனேன். மகன் கல்லறை மேல் ஒரு முட்டையை உருட்டினார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, வேலிக்கு அடியில் கையை நீட்டித் தள்ளினார். முள் கிழித்தது. முட்டை கொஞ்ச தூரம் ஓடிப் புல்லில் நின்றுவிட்டது. சியாலாவின் கல் இன்னும் தள்ளி இருந்தது.

காயோஸ் எழுந்திருக்கவில்லை.

"பையன் போயிட்டான்னு அவகிட்ட இன்னும் சொல்லலையே" என்றார்.