பாலில் கலந்த பவுடர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி மீனா எழுதுகிறாள். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். பூந்தமல்லி பக்கம் ஒரு கிட்னி ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்தேன். நாள் முழுக்கப் போகும் மூத்திரத்தைக் கேனில் பிடிக்கச் சொல்லித் தருவது என் வேலை. காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். மறுநாள் காலை முதலில் போவதைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் டெஸ்ட் வீண்.

வெள்ளானூர் செல்வி தன் மகளைத் தூக்கி வந்தாள். பிள்ளைக்குக் கால் இரண்டும் வளைந்திருந்தன. செல்வி கட்டிக்கொண்டது தாய்மாமனை. அதனால் மாமியாரே அவளுக்கு அம்மாவைப் பெற்ற ஆயா.

டெஸ்ட் எல்லாம் வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பை வடிகட்டினதும் திரும்ப ரத்தத்துக்கு இழுக்க கிட்னியில ஒரு வாசல் இருக்கு. அதைக் கட்டச் சொல்ற ஜீன் துண்டு துண்டா இருக்கும். நடுவுல வேண்டாததை வெட்டிட்டு ஒட்டணும். இவளுக்கு அந்த ஒட்டு சரியில்ல. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அதே குறை வந்திருக்கு. மத்தவங்களுக்கு ஹார்மோன் வந்து வாசலைத் திறக்கும், மூடும். இவளுக்கு வாசலே பழுது. பாஸ்பேட் குறையிறதால உடம்பே வைட்டமின் டி ஹார்மோனை அதிகமா சுரக்குது. நீங்களும் வைட்டமின் டி குடுத்தா கல்லு வந்துடும். பாஸ்பேட் மருந்து மட்டும் போதும்."

அடுத்த முறை பிள்ளை வயிற்று வலியோடு வந்தது; ஸ்கேனில் கிட்னியில் கல் இருந்தது.

மாமியார் வராந்தாவிலேயே கத்தினாள். "இவ அப்பன் ஊட்டு ரத்தமே சரியில்ல! மருந்து குடுக்கவும் துப்பில்ல. என் மவனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்."

பிள்ளை மெல்லச் சொன்னது: "ஆயாதான் தெனம் பால்ல பவுடர் கலக்கிக் குடுக்குது. அம்மாகிட்ட சொல்லாதன்னுச்சு."

"எலும்புக்கு சத்துன்னு மெடிக்கல்காரன் குடுத்தான். வைட்டமின் டி பவுடரு. ஊர்ல எல்லாரும் குடிக்கல?" என்றாள் மாமியார்.

நான் குறுக்கே புகுந்தேன். "பேத்தியை மவனுக்குக் கட்டி வெச்சது நீ. ரெண்டு பக்கமும் உன் வயித்து வழிதானே? இதுல அவ அப்பன் எங்க வந்தான்?"

செல்வியின் புருஷன் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும்தான் கோபம் முழுசாக வந்தது. "யோவ், உங்கம்மா உன் பொண்டாட்டிய தொரத்தறேன்னுது, பொண்ணு வலியில துடிக்குது. இன்னும் எவன் வந்து பேசணும்?"

"பெரியவங்க பேசும்போது நான் இன்னாக்கா சொல்றது?"

செல்வி பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள். "ஆயா, பவுடர் டப்பா எங்க கீது சொல்லு. ஊட்டுக்குப் போனதும் நானே கொட்டறேன். பொண்ணு பாக்கறதுன்னா பாத்துக்கோ. எம் பொண்ணு வாய்ல இனிமே நான் குடுக்கறதுதான் போவும்."



நோயாளி வீட்டாரைத் திட்டியதற்கு மேனேஜர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, வளைந்த காலோடு பிள்ளை வந்தால் தாயை மட்டும் நிற்கவைத்துக் கேள்வி கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். வாயை மூடி உட்கார்ந்திருக்கிறவனை முதலில் கேளுங்கள்.

மீனா கண்ணு, எழுதினதைப் படிச்சுக் காட்டு. பாட்டி திட்டியிருக்கிற இடத்துல குரலைக் குறைக்காதே.