பொட்டு வைத்த துப்பாக்கி

என் மகள் யாழினியின் பள்ளிப்பைக்கு மறைவு என்பதே கிடையாது. இர்விங்கில் அவள் படிக்கும் பள்ளியில், உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைக்கு மட்டுமே அனுமதி. எலுமிச்சைச் சோற்று டப்பாவும் நேற்றைய ஓவியமும் ஊருக்கே தெரிய, மூன்றாம் வகுப்புப் பிள்ளை நடந்து போகிறாள். வாசலில் காவலர் அந்தப் பையையும் திருப்பிப் பார்க்கிறார். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால், விளக்கணைத்த வகுப்பறையில் மூச்சொலி கேட்காமல் பதுங்குவது எப்படி என்று சென்ற மாதம் எனக்கு நடித்துக் காட்டினாள். என் முகம் மாறியதைப் பார்த்து, "இட்ஸ் ஜஸ்ட் எ டிரில், அம்மா" என்று தேற்றினாள். அவள் வயதில் நான் கண்ட ஒரே துப்பாக்கி ஈரோட்டில் ஒரு வங்கி வாசலில் இருந்தது. காவலாளி அதன்மேல் துண்டை உலர்த்துவார்.

பள்ளி விட்டதும் யாழினி என் நண்பன் செந்தில் வீட்டில் இருப்பாள். செந்தில் கோவையில் என்னோடு பொறியியல் படித்தவன்; அவனுக்கும் மனைவி கவிதாவுக்கும் பிள்ளைகள் உண்டு. லாஸ் கொலினாஸ் அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வந்து அவளை அழைத்துக்கொள்வேன். அந்த வீட்டை நம்பித்தான் என் வேலை ஓடியது. ஆயுத பூஜையன்று என்னையும் இருக்கச் சொன்னார்கள். கராஜ் மேசையில் கார் சாவி, லேப்டாப், டிரில்லிங் மெஷின், பிள்ளைகளின் புத்தகங்கள். நடுவே ஒரு ரைஃபிள். குழலில் சந்தனம், அதன்மேல் ஈரம் காயாத குங்குமம். அதில் சாய்த்து வைத்திருந்தது என் மகளின் கணக்குப் புத்தகம்.

"என்னடா இது?"

"க்ரீன் கார்டு வந்ததும் வாங்கினேன். கூட வந்த மேகஸின்ல அஞ்சு குண்டுதான் போகும். வேற மேகஸினும் ஃபிட் ஆகிற மாதிரி நானே மாடிஃபை பண்ணிட்டேன். இப்ப முப்பது போடலாம். ஊர்ல மொபெட்டையே பிரிச்சு மாட்டின கை!"

"முப்பது எதுக்கு?"

"மான் வேட்டைக்குத்தான்."

"மான் திருப்பிச் சுடுமா?"

கவிதா சிரித்தாள். "யூடியூப் பாத்தா இவருக்குக் கை சும்மா இருக்காதுடி. டைனிங் டேபிளை ஒரு வாரம் பாழாக்கிட்டார். இப்ப லாக் பண்ணித்தான் வெச்சிருக்கோம்."

யாழினி மாலைதோறும் வீட்டுப்பாடம் எழுதும் மேசை அது. அவள் நோட்டிலிருந்து சாம்பல் நிறத் தூளை நான் ஒரு நாள் ஊதித் தள்ளியது நினைவுக்கு வந்தது. பென்சில் தூள் என்றே எண்ணியிருந்தேன்.

செந்தில் கெட்டவனல்லன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் கொண்டுவந்து கொடுத்தவன். என் கோபமே அதில்தான். பொருந்துமா என்று அளந்து அளந்து அராவியவன், பொருந்திய பின் என்ன ஆகும் என்று ஒரு கணமும் கேட்டுக்கொள்ளவில்லை. பூட்டியிருக்கிறதாம். பூட்டுக்குச் சாவி உண்டு; சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியும். என் தந்தையும் தன் லேத்துக்குச் சந்தனம் வைத்தார். அந்த லேத் பம்பு செட்டுக்கு உதிரிபாகம் செய்தது. இது என்ன செய்யும் பொருள்? என் குழந்தை இருட்டில் பதுங்கப் பழகுவதே இதற்கு அஞ்சித்தானே! அதற்கு நாமே பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டியிருக்கிறோம்.

புத்தகத்தை எடுத்தேன்.

"ஐயோ, பூஜையில வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்! படிப்பு போயிடும்டி!" என்று கவிதா பதறினாள்.

"போகட்டும். பிள்ளை இருக்கட்டும்."

"ஓவரா பண்றே. லீகலா இதுல ஒரு தப்பும் இல்ல" என்றான் செந்தில்.

"தெரியும். அதைத் தெரிஞ்சேதான் சொல்றேன். நாளையிலேர்ந்து யாழினி இங்க வரமாட்டா."

மறுநாள் காலை, விஜயதசமி. இனி தினமும் மூன்று மணிக்கே கிளம்ப அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுதிவிட்டு, பதில் வராமலேயே யாழினியைப் பள்ளியில் விடப் போனேன். காவலர் பையை உயர்த்திப் பார்த்து நிறுத்தினார். கணக்குப் புத்தக அட்டையில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"இஸ் தட் பிளட், மேம்?"

"நோ. பிரேயர்."

அவர் முகம் கனிந்தது. "பிளெஸ் யூ" என்று வழிவிட்டார். அவர் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி. யாழினி கையசைத்துவிட்டு உள்ளே நடந்தாள். பைக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு தாழ்வாரத்தின் கடைசி வரை எனக்குத் தெரிந்தது. பொட்டின் மறுபாதி செந்தில் வீட்டு ரைஃபிளில் இருக்கிறது.