பேரிகை பஸ்ஸில் நான் படித்துச் சொல்லாத தாள்

இங்கிலீஷ் வகுப்பில் மிஸ் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னால், "புரியல மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். தப்பாகப் படித்து வகுப்பே சிரிக்க நிற்பதைவிட அது மேல். காலேஜில் இரண்டு வருடத்தை இப்படியே ஓட்டிவிட்டேன்.

இன்று காலை பேரிகையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், தினமும் அதில் வரும், கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மடியில் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இதுல என்னா போட்டிருக்குன்னு பாத்து சொல்லு பாப்பா. இன்னைக்கே கையெழுத்து போட்டு குடுக்கணுமாம்."

மொத்தம் நாலு வரிதான். எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. தன் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நின்றுகொள்வதாக, அந்த அக்காவே எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது.

இன்னொரு முறை படித்தேன். நான் படித்தது தப்பாக இருந்தால்? சரியாக இருந்துவிட்டால்?

"சரியா புரியலக்கா" என்றேன்.

"காலேஜ் படிக்கிற உனக்கே புரியலன்னா எனக்கு எங்க புரியப் போவுது. வுடு, சூப்பர்வைசர் போடச் சொன்னாரு, போட்டுடறேன்."

சிரித்துக்கொண்டே கம்பெனி ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

நாளைக் காலை அந்த அக்கா பஸ்ஸில் இல்லையென்றால், வாழ்க்கையில் முதல்முறையாக நான் இங்கிலீஷைச் சரியாகப் படித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

தப்பாகத்தான் படித்திருப்பாய் என்று யாராவது சொல்லுங்களேன்.