சேராத கோட்டைச் சேர்க்கச் சொன்ன மாஸ்டர்

சென்ற செவ்வாயன்று என் மகள் பிலோமினா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். சீனியர் பரீட்சைக்கு அவள் பேரை அனுப்ப மாட்டேன் என்று கணக்கு மாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

ஏன்? ஒரு கிராப் படத்தில் கோட்டை நடுவில் சேர்க்காமல் விட்டுவிட்டாளாம்!

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? ஆனால் சிகாமட் ரயில்வே ஸ்டேஷனில் கொடி காட்டுகிறவனுக்கு அல்ஜீப்ரா ஏது! அவளே விளக்கினாள். அந்தப் படம் ஓர் எண்ணைத் தலைகீழாக்குவதற்கு — அதாவது ஒன்றை அந்த எண்ணால் வகுப்பது. இரண்டுக்கு அரை, நான்குக்குக் கால். அரைக்கு இரண்டு, காலுக்கு நான்கு. எண் சிறுக்கச் சிறுக்க விடை பெருத்து, கோடு காகிதத்துக்கு மேலே ஏறிப் போய்விடுகிறது. மைனஸ் எண்களுக்கும் இதே கதைதான், கீழ்நோக்கி.

"அப்போ நடுவுல, சைபருக்கு?" என்றேன்.

"விடையே இல்லப்பா. அதான் அங்க விட்டுட்டேன். ரெண்டும் தனித்தனிக் கோடு."

மாஸ்டரோ, சைபருக்கு விடை சைபர் என்று ஒரு புள்ளி வைத்து, அதன் வழியாக இரண்டையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பே சேர்த்துவிட்டது. இவள் ஒருத்திதான் மாட்டேன் என்றாள்.

மறுநாள் மாஸ்டரிடமே நேரே போய்க் கேட்டேன்.

"கோடு அந்தரத்துல நின்னா பேப்பர் திருத்துறவங்க என்னங்க நினைப்பாங்க? பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுங்க."

"மாஸ்டர், வெள்ளத்துல பாலம் போயிருச்சுன்னு வைங்க. முழுசாத்தான் இருக்குன்னு நான் பச்சைக்கொடி காட்டினா வண்டி என்னாகும்?"

"அது ரயில்வே. இது கணக்குங்க." எழுந்து போய்விட்டார். என்ன திமிர்!

வெள்ளிக்கிழமை பிலோமினாவைத் தனியே கூப்பிட்டு, சேர்க்கிறாயா இல்லையா என்று அதட்டியிருக்கிறார். இவள் பேனாவை நீட்டினாளாம்.

"நீங்களே சேருங்க சார். ஆயிரத்துல ஒரு பங்குக்கு விடை ஆயிரம். அவ்வளவு உயரத்துலேருந்து சைபருக்கு எப்படி இறங்குறதுன்னு எனக்குத் தெரியல."

மாஸ்டர் பேனாவை வாங்கினார். கோட்டின் நுனியில் வைத்தார், எடுத்தார். கடைசியில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, உன் பேரை அனுப்புறேன். கிளாஸ்ல யாருக்கும் சொல்லாதே."

ஏன் சொல்லக் கூடாது? தப்பு யாருக்கும் நேரும். அதற்காக நான் கோபப்படவில்லை. தன் மானம் போகக் கூடாதென்று மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தப்பான கோட்டோடு பரீட்சைக்கு அனுப்புவதா? அவர்களில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு. வயிறு எரிகிறது ஐயா! நம்மில் படித்தவர்கள் பலருக்கு இந்த வியாதி இருக்கிறது — தெரியாது என்று சொல்ல வாய் வராது, கேட்கிறவர் வாயை அடைக்க மட்டும் நன்றாக வரும்.

பிலோமினா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வகுப்பில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் நான் அந்த வகுப்பில் படிக்கவில்லையே!

பிள்ளைகளா, அந்த இரண்டு கோடுகளையும் சேர்க்காதீர்கள்.