ரஹிமா நாள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மாணவர்களுக்கான வாராந்திரச் செய்திமடலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். விடுமுறைக் காலப் பயிற்சி வேலை ஒன்று வந்திருந்தது. “விண்ணப்பிக்கக் கடைசி நாள்” என்று அடித்த நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. ரஹிமாவின் அக்கா ஜமீலா. “கலா, ரஹிமா மவுத்தாயிட்டாம்மா. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். கெளம்பி வா.” அந்த வரி அன்று அப்படியே பாதியில் கிடந்தது.

உங்களில் பலர் ரஹிமாவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வாரம் தவறாமல் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். உதவித்தொகை, வெளிநாட்டுப் பரிமாற்றம், பயிற்சி வேலை, கட்டுரைப் போட்டி என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதியவள் அவள்தான். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டவள் நான். இப்படிப்பட்ட அஞ்சலியில் ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இத்தனை வருடம் வா, போ என்று பேசியவளை அப்படி எழுதக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

அலுவலக மின்னஞ்சல் ஆங்கிலத்தில் அடக்க ஒடுக்கமாகப் போகும். அதே செய்தியைத் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன் பாணியில், இந்த ஊர் ‘லா’வும் சேர்த்துப் போடுவாள். “பசங்களா, ஹாஸ்டல்ல தூங்குறதுக்கு யாரும் காசு தர மாட்டாங்க. இதுக்குத் தருவாங்க. அப்ளை பண்ணுங்க லா.” தகுதி இருக்குமோ இருக்காதோ என்று யாராவது இழுத்தால் அவளுக்குப் பொறுக்காது. “தகுதி இல்லன்னு நீயே முடிவு பண்ணாத. அத முடிவு பண்றதுக்குன்னே அங்க சம்பளம் வாங்கிட்டு ஆள் உக்காந்திருக்கு” என்பாள்.

அவளிடம் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை என்று போடுவாள். கடைசி நாளன்று இணையத்தளம் திணறும், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வந்து சேராது, பிள்ளைகள் அழுதுகொண்டு எங்கள் மேசைக்கு வருவார்கள். அதற்காக இரண்டு நாளை அவளாகவே வெட்டிவிடுவாள். முதலாண்டு மாணவன் ஒருவன் இதைக் கண்டுபிடித்துப் புகார் எழுதினான். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். “தப்பான தகவல் இல்ல சார், முன்ஜாக்கிரதை” என்றாள் ரஹிமா. அவர் சிரிக்கவில்லை. சரியான தேதியைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரச் செய்திமடலில் இரண்டு வரி இருந்தது. கடைசி நாள்: வெள்ளி. ரஹிமா நாள்: புதன்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டுரையை ஒப்படைக்கும் நாள் எது என்று விரிவுரையாளர் சொன்னால், “நிஜ நாளா, ரஹிமா நாளா?” என்று வகுப்பிலேயே கேட்கத் தொடங்கினார்கள்.

புக்கிட் மேராவிலிருந்து வந்த கவிதாவைச் சிலர் அறிவீர்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்கு எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். ரஹிமா அவளையும் என்னையும் தேக்கா உணவங்காடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று தட்டு பிரியாணி வந்தது. “மொதல்ல அனுப்பு. அப்புறம்தான் சாப்பாடு” என்றாள். கவிதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாணி ஆறிப்போனது. எனக்கோ நல்ல பசி. கடைசியில் அழுத்திவிட்டு அவள் அழ, ரஹிமா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

போன ஆண்டு இறுதியில் ரஹிமா மருத்துவ விடுப்பில் போனாள். செய்திமடல் என் மேசைக்கு வந்தது. மருத்துவமனையில் இருந்தவரை போய்ப் பார்த்தோம். மார்ச்சில் பிடோக் வீட்டுக்குத் திரும்பியதும் குழுவில் ஒரு செய்தி போட்டாள். “யாரும் இப்ப வராதீங்க. பரீட்சை முடியட்டும். மே மாசம் எல்லாரும் சேந்து வாங்க. அவசரமே இல்ல.” அவசரமே இல்லை என்று ரஹிமா சொல்கிறாள் என்று எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் தொலைபேசியில், “நாளைக்கு வரட்டுமா?” என்றேன். “மே மாசம் வா. பசங்களோட வா” என்றாள். குரலும் தெளிவாகத்தான் இருந்தது. நானும் ஒரு கணக்குப் போட்டேன். எதையும் முன்கூட்டியே சொல்கிறவள் மே என்கிறாள், அப்படியானால் உண்மையில் இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஏப்ரல் முடியவில்லை. போய்விட்டாள்.

பிடோக் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கவிதா மின்தூக்கி அருகே சுவரில் சாய்ந்து நின்றாள். “மே மாசத்துக்கு லீவு போட்டு வச்சிருந்தேன் ஆன்ட்டி” என்றாள். ஜமீலாதான் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார். “ஏப்ரல் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் அவகிட்டயே சொல்லிட்டாரு. அவதான் மே மாசம்னு சொன்னா. ‘பசங்க இப்ப வந்து என் மூஞ்சியப் பாத்தா படிப்பு ஏறாது ராத்தா’ன்னு என்கிட்ட சொன்னா.”

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பரீட்சை மாணவர்களுக்கு. எனக்கு என்ன பரீட்சை? ஊருக்கெல்லாம் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னவள், தன் நாளை மட்டும் ஒரு மாதம் தள்ளிச் சொல்லிவிட்டாள். அவளோடு போட்ட சண்டைகளில் இது ஒன்றுதான் பாக்கி நிற்கிறது. போடுவதற்கு ஆளில்லை.

செய்திமடலை இப்போதும் நான்தான் எழுதுகிறேன். கடைசி நாளுக்குக் கீழே வரும் அந்த இரண்டாவது வரியை எடுத்துவிடலாமே என்று புதிய அதிகாரி மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

காத்தோங்கில் என் சித்தப்பா உடம்புக்கு முடியாமல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய் நின்றேன். கதவைத் திறந்தவர், “ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்ன? இன்னைக்கு என்ன நாளு?” என்று கேட்டார்.

“ரஹிமா நாள் சித்தப்பா” என்றேன்.