மழையை நிறுத்தச் சொல்லப் போனோம்

அண்ணியும் நானும் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர்கள். காலையில் மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு மாதமாக இதே கதைதான். மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் பஸ் மாறி மாறி அம்மன் கோயிலுக்குப் போனோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பழத்தட்டோடு ஒரு சிங்கள அம்மா நின்றார். எம்பிலிப்பிட்டியவில் அவருடைய வயல் காய்ந்து கிடக்கிறதாம், மழை கேட்க வந்தாராம். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எங்களையும் விசாரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணியோ, "சும்மா கும்பிட வந்தோம்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள்.

சன்னதியில் அண்ணி வாய்விட்டே வேண்டினாள். "தாயே, அந்தம்மாவுக்கு மழையக் குடு. எங்களுக்கு மட்டும் பால் வெட்டி முடிஞ்ச பெறகு குடு."

மறுநாள் விடியும்போதே எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. நான் அம்மனையே திட்டினேன். அண்ணி பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

"அந்தம்மா பக்கமும் பெய்யுதோ என்னவோ, பாவம்."