எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச்

சித்தப்பா வீட்டில் மட்டும் கரண்ட் போகவே போகாது. சின்ன வயதில் என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் அதுதான் காரணம்.

தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகள் எங்கள் இரண்டு குடும்பத்துடையவை. அம்மா தண்ணீர் கொதிக்கக் கரண்ட் கேத்தலைப் போட்டுக்கொண்டே அயர்ன் பண்ணினால் போதும், எங்கள் ட்ரிப் சுவிட்ச் டப்பென்று விழும். டிவி நாடகம் பாதியில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அதே நாடகம் ஜோராக ஓடும். மறுநாள் சித்தப்பா மகள் மிச்சக் கதையைப் பிச்சை போடுவதுபோல எனக்குச் சொல்வாள்.

"ஒங்கப்பாவுக்கு வயரிங்கே தெரியாதுடி" என்பாள். அப்பாவோ தோட்டத்துப் பெக்டரியில் வயரிங் வேலை பார்ப்பவர். அவள் வாயில் மண்ணைப் போட வேண்டும்போல இருக்கும்.

சித்தப்பா, அது அடிக்கடி விழும் தொல்லை தாங்காமல், தம் வீட்டு ட்ரிப் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரை நேரே முறுக்கி வைத்திருந்தார். ஆபத்தென்றால் கரண்டை நிறுத்துவதே அதுதான் என்று அப்பா அவரோடு ஓயாமல் சண்டை போடுவார். எனக்கென்னவோ சித்தப்பாதான் கெட்டிக்காரராகத் தெரிந்தார்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்தின நாள், அவர்கள் வாசல் முழுக்கக் கலர் பல்ப். ஆளுயர நட்சத்திரம் வேறு. எங்கள் வாசலில் தொங்கிய சின்ன நட்சத்திரத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. மத்தியானம் அங்கிருந்து கருகல் நாற்றம் வந்தது. கூரை வளைமரத்தில் ஓடிய வயர் தீப்பிடித்திருந்தது. அப்பா பாய்ந்துபோய் மெயினை நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கால் அடித்து அணைத்தார். சித்தி தலையில் கைவைத்து அழுதாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த நத்தாருக்கு அவர்கள் வீடும் இருட்டு!

அப்பா என்ன செய்தார் தெரியுமா? அங்கே புது வயர் இழுத்தார். பிறகு எங்கள் ட்ரிப் சுவிட்சைக் கழற்றிக்கொண்டுபோய் அவர்களுக்குப் பூட்டினார். நத்தார் முடிந்து கடை திறந்து புதுசு வாங்கும்வரை எங்களுக்கு மெழுகுவர்த்திதான்.

"நம்ம புள்ள நத்தாருக்கு இருட்டுல கெடக்கணுமாங்க?" என்றாள் அம்மா.

"தம்பி ஒரு நாள்கூட இருட்டுல கெடக்க மாட்டான். நா இந்தப் பக்கம் திரும்புனதும் மறுபடி வயர முறுக்கிருவான்" என்றார் அப்பா.

தம்பி என்றால் உருகுகிறார், பெற்ற மகள் வேண்டாதவளாகிவிட்டேன் என்று அழுது, சாயங்காலமே பாயில் விழுந்தேன். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கூரை. அந்த இடைவெளி வழியாக அவர்களுடைய கலர் வெளிச்சம் எங்கள் பக்கம் வழிந்தது. மத்தியானம் அதே வழியாக வேறு என்ன வந்திருக்கும் என்று எனக்கு நினைக்கத் தெரியவில்லை. அவர்கள் வீட்டு வெளிச்சம் எனக்கு வேண்டாமென்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.